திருத்தந்தை மறைந்தபோது அழுதவர்கள் யார்? பொதுத் துக்கம் குறித்த எளிய விளக்கம்

புகழ்பெற்ற சமயத் தலைவர் ஒருவர் இறந்தால் தொலைக்காட்சியில் நாம் காணும் காட்சி ஏறத்தாழ ஒன்றுதான்: முடிவே தெரியாத வரிசை, மெழுகுவத்திகள், கன்னத்தில் வழியும் கண்ணீரை நெருங்கிக் காட்டும் கேமரா. அதைப் பார்த்துவிட்டு நாம் சொல்லும் கருத்துகளும் பெரும்பாலும் இரண்டே. "இத்தனை பேர் அழுகிறார்கள் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட மகானாக இருந்திருக்க வேண்டும்" என்பர் ஒரு சாரார். "நேரில் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத மனிதருக்காக அழுவது வெறும் கூட்ட மயக்கம்" என்பர் மறு சாரார்.

இந்த இரு கருத்துகளும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை என்றே நான் கருதுகிறேன். இரண்டுமே கூட்டத்தை ஒரே மனமுள்ள ஓர் ஆளாக எண்ணிக்கொள்கின்றன. அந்த வரிசையில் நிற்போர் வெவ்வேறு காரணங்களால் வந்தவர்கள். வராமல் வீட்டிலேயே இருப்போருக்கும் காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல், கண்ணீரை அளந்து இறந்தவரை எடைபோடுவது அவருக்கும் நியாயம் செய்யாது, அழுபவர்களுக்கும் நியாயம் செய்யாது.

இதை விளங்கிக்கொள்ள, கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராக, அதாவது திருத்தந்தையாக (போப்) இருந்து, 2005 ஏப்ரல் 2 அன்று மறைந்த இரண்டாம் யோவான் பவுலின் மரணத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாளிதழ்கள் இரண்டாம் ஜான் பால் என்று எழுதியது இவரைத்தான். அந்த மரணத்துக்குப் பிந்தைய இருபது ஆண்டு வரலாறும் இன்று நம் கண்முன் இருப்பதால், அன்று எழுந்த உணர்ச்சிகள் பின்னர் என்னவாயின என்பதையும் சேர்த்தே பார்க்க முடிகிறது.

## துக்க வீட்டுப் பந்தலில் தொடங்குவோம்

நம் ஊர்த் துக்க வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். வாசலில் பந்தல் போட்டாயிற்று, வாடகை நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன, உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். இறந்தவரோடு அதிகம் பழகியிராத பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் மற்ற எவரையும்விட அதிகமாகக் கதறுகிறாள். போன ஆனியில் தன் மகனைப் பறிகொடுத்தவள் அவள். ஒப்பாரியின் ஏதோ ஓர் அடி அந்த மகனைக் கொண்டுவந்து அவள் முன் நிறுத்திவிட்டது. நீ அழுவது யாருக்காக என்று அவளை எவரும் கேட்பதில்லை. அவள் அழுகையைப் பொய் என்றும் எவரும் சொல்வதில்லை.

பந்தலுக்கு வெளியே வாருங்கள். இறந்தவரின் உதவியால் படித்து முடித்த இளைஞர் ஒருவர் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருக்கிறார். ஊராட்சித் தலைவர் முறைக்கு ஒரு மாலையோடு வந்து போகிறார். சொத்துத் தகராறில் இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, சாவுக்கு வராமல் இருக்கக் கூடாது என்று வந்து, வேப்பமரத்தடியில் ஒதுங்கி நிற்கிறார். "சாவுக்கு முந்நூறு பேர் வந்திருந்தார்கள்" என்ற ஒரு வரியில் இவர்களில் ஒருவரும் தெரியமாட்டார்.

உலகறிந்த ஒருவரின் மரணம் இந்தப் பந்தல் பன்மடங்கு பெருகியதுதான். ஒருவரது மரணத்தை, அவரை நேரில் அறியாத பெருந்திரள் மக்கள், பொது இடத்தில், பிறர் காணும்படி, தம் சமூகம் ஏற்றுக்கொண்ட முறைகளில் அனுசரிப்பதைப் பொதுத் துக்கம் என்கிறோம். ஊர்ச் சாவில் யார் யார் எதற்கு வந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். உலகச் சாவில் அது தெரிவதில்லை. ஆகவே நாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறோம்.

சுருக்கமாக: துக்கக் கூட்டம் என்பது பல துக்கங்கள் ஓரிடத்தில் கூடியது. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதே இனி நம் வேலை.

## பழகாமலே பழகியவர்

தினமும் காலையில் வானொலியில் செய்தி வாசித்தவரின் குரல் ஒருநாள் நின்றுபோனால் நமக்கு மனம் கனக்கிறது. அவருக்கு நம்மைத் தெரியாது; நமக்கு மட்டும் அவரைத் தெரியும் என்ற உணர்வு பல ஆண்டுகளில் ஊறியிருக்கிறது. இத்தகைய உறவை 1956ஆம் ஆண்டில் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வானொலி, தொலைக்காட்சி நேயர்களை முன்வைத்து விளக்கினார்கள். அதைத் தமிழில் ஒருவழிப் பிணைப்பு எனலாம்: ஒரு பக்கம் மட்டுமே மற்றவரை அறிந்திருந்தாலும், அறிந்த பக்கத்தில் உண்மையான நட்பின் கனத்தோடு வளரும் உறவு.

இரண்டாம் யோவான் பவுல் 1978 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்தார். இத்தாலிக்கு வெளியே மட்டும் 104 பயணங்கள் மேற்கொண்டார். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்து பரங்கிமலையில் வேண்டினார்; 1995 ஜனவரியில் கொழும்புக்குச் சென்றார். 2005இல் முப்பது வயதுக்குக் குறைந்திருந்த ஒரு கத்தோலிக்கருக்கு, திருத்தந்தை என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வரக்கூடிய முகம் இவருடையது ஒன்றே. முதல் நற்கருணை வாங்கிய நாளிலும், திருமண நாளிலும், தாத்தா இறந்த நாளிலும் சுவரில் இருந்த படம் அது. அந்தப் படத்தில் இருந்தவர் இறந்தபோது, அந்த நாள்களெல்லாம் சேர்ந்தே நினைவுக்கு வந்திருக்கும். பக்கத்துத் தெருப் பெண்ணின் அழுகையைப் புரிந்துகொண்ட நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்காது.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. அவர் பல ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயால் நலிந்தார்; அந்த நலிவை மறைக்கவும் இல்லை. 2005 பிப்ரவரியில் மூச்சுத் திணறலுக்காகத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குழாய் பொருத்தினார்கள். மார்ச் 27 உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்). வழக்கமாக அவர் வாழ்த்துச் சொல்லும் ஜன்னலுக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். கீழே வளாகம் நிறைந்து மக்கள் நின்றார்கள். அவர் பேச முயன்றார், பேச்சு வரவில்லை. கையை உயர்த்தி வெறும் காற்றில் சிலுவை வரைந்து ஆசி அளித்துவிட்டு உள்ளே போனார். உலகமே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவர் ஒருவர் மெல்ல அடங்குவதைக் கண்டிருப்பவர்களுக்கு, அந்த ஜன்னல் வத்திக்கானில் இருக்கிறதா தம் வீட்டில் இருக்கிறதா என்றே தோன்றாத அளவுக்கு அது நெருக்கமான காட்சி.

மரணம் நிகழும் முன்பே, அது வரப்போவதை அறிந்து தொடங்கிவிடும் துக்கத்தை முன்துக்கம் என்பார்கள். ஏப்ரல் 2க்குள் மக்கள் பல வாரம் அழுது முடித்திருந்தார்கள். அன்று இரவு வெடித்தது திடீர் அதிர்ச்சி என்று எண்ணுவது தவறு. நீண்ட காத்திருப்பு அன்று முடிவுக்கு வந்தது.

## வளாகத்தில் எழுந்த கைதட்டல்

ரோமில் இரவு 9:37. நம் ஊர்க் கணக்கில் ஏப்ரல் 3, ஞாயிறு, நள்ளிரவு தாண்டி 1:07. தமிழ்நாட்டில் பலர் இச்செய்தியை அறிந்தது அன்றைய விடியற்காலைத் திருப்பலிக்குச் சென்றபோதுதான்.

ரோமில் அந்நேரம் புனித பேதுரு வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேராயர் லெயோனார்தோ சாந்த்ரி ஒலிபெருக்கியில், நம் திருத்தந்தை தந்தையின் இல்லத்துக்குத் திரும்பிவிட்டார் என்ற பொருளில் அறிவித்தார். கூட்டம் அப்படியே மௌனமானது. பிறகு, கைதட்டல் எழுந்தது. சாவில் கைதட்டுவதா என்று நமக்குத் துணுக்குறும். இத்தாலியில் அது வழக்கம். சவப்பெட்டி கோயிலை விட்டு வெளியே வரும்போது கைதட்டி வழியனுப்புவது அங்கே மரியாதை. நம் ஊரில் பறையும் வெடியும் முழங்கச் சவ ஊர்வலம் போவதைப் பார்க்கும் வெளிநாட்டவரும் இதேபோலத்தான் துணுக்குறுவார்.

துக்கத்தைக் காட்டும் முறை பிறப்பில் வருவதில்லை, கற்றுக்கொள்வது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்கெய்ம் நூறாண்டுகளுக்கு முன்பே இதை வலியுறுத்தினார். துக்கச் சடங்கு என்பது உள்ளே இருக்கும் சோகம் தானாக வழிந்து வெளிவருவது என்று நாம் நினைக்கிறோம். அவர் கூறியது, துக்கம் கொண்டாடுவது குழு தன் உறுப்பினர்மீது சுமத்தும் கடமை என்பது. ஒருவரை இழந்த குழு தான் சிறுத்துவிட்டதாக உணர்கிறது. அந்த உணர்வே அதை ஒன்றுகூட்டுகிறது. கூடியதனாலேயே அதற்கு வலிமை திரும்புகிறது. இவ்வாறு கூடியிருப்போரின் உணர்ச்சி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவிப் பெருகுவதை அவர் விளக்கிய பொருளில் கூட்டு எழுச்சி எனலாம்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் எல்லாம் நடிப்புதானே" என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். டர்கெய்மைப் பற்றி மிகுதியும் பரவியிருக்கும் தவறான புரிதல் இதுதான். கடமையாகத் தொடங்கிய அழுகை உண்மையான அழுகையாக மாறுவதை ஒப்பாரிப் பந்தலில் நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். முறைக்காக உள்ளே நுழைந்த பெண் கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். சடங்கு உணர்ச்சிக்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தருகிறது. நீர் ஏற்கெனவே இருந்தது.

உடல் புனித பேதுரு பெருங்கோவிலில் வைக்கப்பட்ட ஏப்ரல் 4 முதல் வரிசை ரோமின் தெருக்களில் வளைந்து வளைந்து நீண்டது. பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள் பலர். ஏறத்தாழ ஒரு முழு நாள் நின்றவர்களும் உண்டு. ஏப்ரல் 6 இரவு, இனி யாரும் புதிதாக வரிசையில் சேர வேண்டாம் என்று அதிகாரிகள் தடுக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு நின்றும் உடலின் முன் கிடைத்தது சில நொடிகளே. அந்தச் சில நொடிகளுக்காகவா இத்தனை நேரம் என்று கேட்பவர்கள் நிற்பதுவே சடங்கு என்பதைக் காணத் தவறுகிறார்கள். முன்பின் அறியாதவரோடு தண்ணீர் பகிர்ந்து, தரையில் உட்கார்ந்து, பாடி, தூங்கி வழிந்து கழித்த இரவுதான் அவர்கள் செலுத்திய அஞ்சலி.

இதுவரை பார்த்தவை: ஒருவழிப் பிணைப்பு ஒவ்வொருவரையும் வீட்டிலிருந்து கிளப்புகிறது, கூட்டு எழுச்சி கிளம்பி வந்தவர்களை ஒரே கூட்டமாக்குகிறது.

## போலந்து அழுதது வேறு அழுகை

ரோமின் வரிசையில் போலந்துக்காரர் மிகுதி. பேருந்திலும் ரயிலிலும் காரிலும் அவர்கள் வந்து குவிந்தார்கள். ஓராண்டுக்கு முன், 2004 மே மாதம்தான் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. அதற்குப் பதினைந்தாண்டுகளுக்கு முன்பு வரை இப்படி நினைத்தவுடன் ரோமுக்குக் கிளம்புவது பெரும்பாலான போலந்துக்காரருக்குக் கனவு.

அந்த மாற்றத்துக்கும் இறந்தவருக்கும் தொடர்பு இருந்ததால்தான் அவர்கள் வந்தார்கள். 1979 ஜூன் மாதம் பொதுவுடைமை ஆட்சி நடந்த தம் தாய்நாட்டுக்கு அவர் திருத்தந்தையாக முதன்முறை சென்றார். வார்சாவின் வெற்றிச் சதுக்கத்தில் பெருங்கூட்டத்தின் முன், தூய ஆவியார் இறங்கி இந்த மண்ணின் முகத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று மன்றாடினார். "இந்த மண்ணின்" என்ற சொல் யாரைக் குறித்தது என்பதை அங்கிருந்தோருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாம் இத்தனை பேர் இருக்கிறோமா என்று மக்கள் தம்மைத் தாமே கண்டுகொண்ட நாள் அது என்று பலரும் கூறியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டே, பொதுவுடைமை ஆட்சியை எதிர்த்து நின்ற சொலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்தது.

ஆகவே ஒரு போலந்துக்காரர் 2005 ஏப்ரலில் அழுதபோது அவர் அழுதது சமயத் தலைவருக்காகவா, தேசத் தந்தைக்காகவா, தம் இளமைக்காகவா என்று கோடு கிழித்துப் பிரிக்க முடியாது. கிராக்கோவ் நகரில் பிரான்சிஸ்கான்ஸ்கா தெருவில் பேராயர் இல்லம் இருக்கிறது. திருத்தந்தை ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கே தங்கி, இரவில் அந்த வீட்டின் ஜன்னலில் நின்று கீழே கூடிய இளைஞரோடு பேசுவதும் பாடுவதும் வழக்கம். அவர் இறந்தபின் மக்கள் கூடியது அந்த வெற்று ஜன்னலுக்குக் கீழேதான். வார்சாவில் அவர் பெயர் தாங்கிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் மெழுகுவத்திகளை வரிசையாக ஏற்றிவைத்தார்கள்.

கிராக்கோவில் இன்னொன்று நிகழ்ந்தது. கிராக்கோவியா, விஸ்வா என்ற இரு கால்பந்துக் கழகங்களின் ரசிகர்கள் அந்நகரில் பரம்பரைப் பகையாளிகள். கத்தியெடுக்கும் அளவுக்குப் பகை. ஏப்ரல் 4 அன்று கிராக்கோவியா மைதானத்தில் நடந்த நினைவுத் திருப்பலிக்கு இரு தரப்பினரும் வந்து ஒன்றாக நின்றார்கள். கழுத்துத் துண்டுகளை மாற்றிக் கட்டிக்கொண்டதைப் படம் பிடித்து உலகமே கொண்டாடியது. அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை, மோதல்கள் திரும்பின. இதைச் சொல்லி அந்த இளைஞர்களைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கூட்டு எழுச்சி அந்த நேரத்தில் முழுக்க உண்மையானது. ஆனால் அதன் ஆயுள் கூட்டம் கலையும்வரைதான். அதை நீட்டிக்கப் பிறகு வேறு ஏற்பாடுகள் வேண்டும்; அங்கே அவை இல்லை.

## கறுப்பு உடையில் வந்த அரசுகள்

அரசுகளின் இரங்கலை மக்களின் இரங்கலோடு சேர்த்து எண்ணுவது மற்றொரு குழப்பம். வத்திக்கான் ஒரு சமயத் தலைமையிடம் மட்டுமன்றித் தனி நாடும் ஆகும். ஆகவே திருத்தந்தையின் அடக்கம் ஒரு நாட்டுத் தலைவரின் அடக்கமும்கூட. ஏப்ரல் 8 அன்று நடந்த அடக்கத் திருப்பலிக்கு அமெரிக்காவிலிருந்து பதவியில் இருந்த அதிபரும் இரண்டு முன்னாள் அதிபர்களும் வந்தார்கள். பிரிட்டன் இளவரசர் சார்லஸ் அதே நாளில் நடக்கவிருந்த தம் திருமணத்தை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு வந்தார். வத்திக்கான் தைவானோடுதான் தூதரக உறவு வைத்திருக்கிறது. தைவான் அதிபர் வந்தார், சீனா யாரையும் அனுப்பவில்லை. இவற்றில் சிலருக்கு உண்மையான வருத்தம் இருந்திருக்கலாம். எனினும் நாற்காலிகளின் வரிசையைத் தீர்மானித்தது அரசியல் முறைமை; ஊராட்சித் தலைவரின் மாலைதான் இது.

## வரிசையில் நிற்காதவர்கள்

வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்ற பங்காளியை மறந்துவிடக் கூடாது. அன்றைய நாள்களில் பெரும்பாலான ஊடகங்கள் அவரை மறந்துதான் போயின.

குருக்கள் சிலர் சிறுவர்களுக்கு இழைத்த பாலியல் கொடுமைகளும், மேலிருந்தோர் அவற்றை மூடி மறைத்ததும் 2002 முதல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வெளிப்பட்டு வந்தன. அவ்விவகாரத்தைக் கையாண்ட விதத்துக்காகப் பாஸ்டன் பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா அந்த ஆண்டின் இறுதியில் பதவி விலக நேர்ந்தது. திருத்தந்தை இறந்தால் ஒன்பது நாள் துக்கத் திருப்பலிகள் நடப்பது மரபு. 2005 ஏப்ரல் 11 அன்று புனித பேதுரு பெருங்கோவிலில் அவற்றுள் ஒன்றை நிறைவேற்றியவர் அதே கர்தினால் லா. கொடுமைக்கு உள்ளானோரின் அமைப்பைச் சேர்ந்த சிலர் அமெரிக்காவிலிருந்து வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். புனித பேதுரு வளாகத்திலிருந்து காவலர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். லட்சக்கணக்கானோர் அழுத ஊரில் ஒரு கைப்பிடியளவு மனிதர்கள் நின்ற அந்தக் காட்சியை, அந்த நாள்களின் மிக முக்கியமான காட்சிகளில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

தம் கருத்து சிறுபான்மையானது என்று உணர்பவர்கள் தனிமைப்படுவோமோ என அஞ்சி வாயடைத்துப் போவதையும், அவர்கள் பேசாததனாலேயே அந்தக் கருத்து மேலும் சிறியதாகத் தோன்றுவதையும் மௌனச் சுழல் என்பர். செத்தவரைப் பற்றிக் குறை பேசலாகாது என்ற பண்பாடு உலகெங்கும் இருப்பதால், துக்க நாள்களில் இந்தச் சுழல் மிக விரைவாகச் சுற்றும். அன்று எதிர்க்குரல் குறைவாகக் கேட்டது என்பதை எதிர்ப்பு குறைவாக இருந்தது என்று வாசிக்கக் கூடாது.

அதேபோல, துக்க வேளையில் குறையைச் சொல்பவர்கள் எல்லோரும் வெறுப்பில் பேசுகிறார்கள் என்று கொள்வதும் தவறு. தமக்கு இழைக்கப்பட்ட தீங்குக்கு விடை சொல்லக்கூடிய ஒருவர், விடை சொல்லாமலே போய்விட்டார் என்பதும் ஒருவகை இழப்பு. அதற்கும் துக்கம் உண்டு.

## "உடனே புனிதர்!" என்ற முழக்கம்

அடக்கத் திருப்பலியன்று வளாகத்தில் இத்தாலிய மொழியில் ஒரு முழக்கம் எழுந்தது. "சாந்தோ சூபித்தோ" என்றால் உடனே புனிதர் என்று பொருள். அச்சொற்களைத் தாங்கிய பெரிய பதாகைகளும் உயர்ந்தன. பதாகை தானாக முளைப்பதில்லை. யாரோ துணி வாங்கி, சாயம் வாங்கி, முன்கூட்டியே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். தன்னெழுச்சியும் ஏற்பாடும் ஒன்றாகவே நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். முழக்கத்தின் உண்மையைச் சந்தேகிப்பதற்காகச் சொல்லவில்லை.

இங்கேதான் நம் விளக்கத்தின் மையம் இருக்கிறது. கூட்டத்தின் உணர்ச்சி வேறு, இறந்தவரைப் பற்றிய தீர்ப்பு வேறு என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்து, அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கதவை வைத்திருக்கிறது.

தொடக்க நூற்றாண்டுகளில் மக்களின் போற்றுதலே ஒருவரைப் புனிதராக்கியது. உரோமைத் திருத்தந்தை முறைப்படி அறிவித்த முதல் புனிதராகக் கருதப்படுபவர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக், ஆண்டு 993. பின்னர் அதிகாரம் முழுவதும் உரோமையிடம் சென்றது. இன்று ஒருவர் இறந்து ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரே பொதுவாக விசாரணை தொடங்கலாம். இறந்தவர் தூய வாழ்வு வாழ்ந்தார் என்று மக்களிடையே தானாகப் பரவி நிலைத்திருக்கும் நம்பிக்கைக்குப் புனிதப் புகழ் என்று பெயர் சொல்லலாம். காத்திருப்பு விதியின் நோக்கமே, சாவு வீட்டுச் சூடு ஆறிய பிறகும் அந்தப் புகழ் நிற்கிறதா என்று பார்ப்பது. விசாரணையில் தேறினால் முதலில் அருளாளர் என்றும், பின்னர் புனிதர் என்றும் அறிவிப்பார்கள்.

இந்த முறைக்கு நம் மண்ணிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய தேவசகாயம் 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் உயிரிழந்தார். அவரது உடல் அடக்கமான கோட்டாற்றுக்கும், அவர் இறந்த மலைக்கும் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வேண்டினார்கள். 2012 டிசம்பரில் அருளாளர், 2022 மே 15இல் புனிதர். இருநூற்றெழுபது ஆண்டுகள்! அந்த மலைக்குச் சென்றவர்களில் எவரும் தொலைக்காட்சியில் தோன்றியவர்கள் அல்லர். ஆனால் அவர்களின் பாட்டிமாரும் பேத்திமாரும் அதே இடத்தில் மெழுகுவத்தி ஏற்றியது, ஒரு வாரக் கண்ணீரால் காட்ட முடியாத ஒன்றைக் காட்டியது.

இரண்டாம் யோவான் பவுலுக்கோ இந்தக் கதவு விரைவாகத் திறந்தது. அடுத்து வந்த திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 மே 13 அன்றே ஐந்தாண்டுக் காத்திருப்பிலிருந்து விலக்கு அளித்தார். 2011 மே 1இல் அருளாளர், 2014 ஏப்ரல் 27இல் புனிதர். விதியை முழுவதும் கைவிடவில்லை; விசாரணையும், அவரிடம் வேண்டியதால் நிகழ்ந்தவையாக ஏற்கப்பட்ட குணமளிப்புகளும் இருந்தன. ஆயினும் ஆறவைக்கும் காலம் நீக்கப்பட்டது. அந்த விலக்கு தேவையற்ற அவசரம் என்பது என் எண்ணம். அவரது புனிதத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. காத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடியவை சில இருந்தன என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அவற்றுள் ஒன்று 2020 நவம்பரில் வத்திக்கானே வெளியிட்ட அறிக்கை. பாலியல் குற்றங்களுக்காகப் பிற்காலத்தில் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கப்பட்ட தியோடர் மெக்காரிக்கை, எச்சரிக்கைகள் வந்திருந்தும், 2000ஆம் ஆண்டில் வாஷிங்டன் பேராயராக நியமித்தவர் இரண்டாம் யோவான் பவுல் என்று அது விரிவாகப் பதிவு செய்தது. மெக்காரிக் எழுதிய மறுப்புக் கடிதத்தை அவர் நம்பினார். போலந்தில் ஆயர்களைக் களங்கப்படுத்த ஆட்சியாளர்கள் பொய்க் குற்றச்சாட்டுகளைப் பரப்பிய அனுபவம் அந்த நம்பிக்கைக்குத் துணைபோயிருக்கலாம் என்றும் அறிக்கை கூறியது.

## பிரான்சிஸின் வரிசை ஏன் குறுகியது?

2025 ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தார். மூன்று நாள்களில் சுமார் 2,50,000 பேர் அவர் உடலுக்கு அஞ்சலி செலுத்தினர். 2005இன் கூட்டத்தோடு ஒப்பிட்டு, "இவரை மக்கள் அவ்வளவாக நேசிக்கவில்லை" என்று உடனே எழுதியவர்கள் உண்டு. இருவரின் பணிக்காலம் இருபத்தாறு ஆண்டுகளும் பன்னிரண்டு ஆண்டுகளும். ஒருவரின் தாய்நாடு ரோமிலிருந்து ஓர் இரவுப் பேருந்துத் தொலைவில் இருந்தது. மற்றவரின் தாய்நாடான அர்ஜென்டினா கடல் கடந்து கிடக்கிறது. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்த எண்ணில் அன்பை அளக்க என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கையில் அடங்காத இரு துக்கங்களை மட்டும் சொல்கிறேன். காசா நகரின் திருக்குடும்பப் பங்குக் கோவிலில் போருக்கு அஞ்சித் தஞ்சம் புகுந்திருந்த சில நூறு பேருக்குப் பிரான்சிஸ் 2023 அக்டோபர் முதல் ஏறத்தாழ ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பார். அவர்களுடையது ஒருவழிப் பிணைப்பே இல்லை. மாலையில் மணி ஒலிக்காமல் போன வீட்டின் இழப்பு. மற்றொன்று, அடக்கத்துக்காக உடல் புனித மரியா பெருங்கோவிலின் படிகளை அடைந்தபோது அங்கே வெள்ளை ரோஜாவோடு காத்திருந்த ஒரு சிறு குழு: ஏழைகள், சிறைவாசிகள், புலம்பெயர்ந்தோர், திருநங்கைகள். அரசுத் தலைவர்கள் புனித பேதுரு வளாகத்தோடு நின்றுவிட்டார்கள். கடைசிப் படியில் நின்றவர்கள் இவர்கள்.

## மீண்டும் ஓர் ஏப்ரல் 2

பொதுத் துக்கம் அடக்கத்தோடு முடிந்துவிடும் என்று நினைப்போரும் உண்டு. போலந்தில் அது முடியவில்லை. கரோல் வொய்த்திவா என்ற பெயரில் கிராக்கோவின் பேராயராக இருந்த காலத்தில் இரண்டாம் யோவான் பவுல் சில குருக்களின் குற்றங்களை அறிந்தும் அவர்களை இடமாற்றம் மட்டுமே செய்தார் என்று 2023 மார்ச் மாதம் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் குற்றஞ்சாட்டியது. பழைய இரகசியப் போலீசின் கோப்புகளை நம்பலாமா என்று மறு தரப்பினர் கேட்டார்கள். நாடாளுமன்றம் அவர் நற்பெயரைக் காக்கத் தீர்மானம் நிறைவேற்றியது.

அவ்வாண்டு ஏப்ரல் 2, அவர் இறந்த பதினெட்டாம் ஆண்டு நாள். வார்சாவில் ஆயிரக்கணக்கானோர் அவர் படத்தை ஏந்தி ஊர்வலம் போனார்கள். வூச் நகரில் பேராலயத்தின் முன் இருந்த அவர் சிலையின் கைகளில் இரவோடு இரவாக யாரோ சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள்.